விஸ்வநத்தத்து வெயிலும் ஜப்பான் மரமும்

போன்சாய் என்றதும் பலருக்கு மனதில் வருவது ஒரே படம்தான். தட்டையான தொட்டி, பச்சைப் பாசி, வளைந்து நிற்கும் ஒரு ஜூனிபர். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, எழுநூறு எண்ணூறு ரூபாய் கொடுத்து வரவழைத்து, சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் ஒரு மொட்டை மாடியில் வைத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் முதல் கோடையைத் தாண்டாது. கொடுமை என்னவென்றால், ஜூனிபர் வேர் செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். செத்த மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார் அதன் சொந்தக்காரர். கடைசியில் "நமக்குக் கை ராசி இல்லை" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

தப்பு கையில் இல்லை. மரத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

'போன்சாய்' என்றால் தட்டுத் தொட்டியில் நட்டது என்று பொருள். எந்த மரம் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. ஜப்பான்காரர்கள் பைனும் மேப்பிளும் ஜூனிபரும் வளர்த்தார்கள் என்றால், அவை அவர்கள் ஊர் மலைகளில் தானாக வளர்கிற மரங்கள். 1923-ல் வந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் சிலர் ஓமியாவுக்குக் குடிபெயர்ந்து, 1925-ல் ஒரு போன்சாய் கிராமத்தையே உருவாக்கினார்கள். அங்கே ஜனவரி இரவுகள் உறைநிலையைத் தொடும். அந்தக் குளிரில்தான் இந்த மரங்கள் ஓய்வெடுத்து, வசந்தத்தில் புதிதாகத் துளிர்க்கும். சிவகாசிப் பக்கம் மார்கழி இரவே சுமார் 20 டிகிரி இருக்கும். ஓய்வே இல்லாமல் வேலை வாங்கினால் மரம் என்ன செய்யும்?

"ஏசி அறையில் வைத்தால் போகிறது" என்பார் சிலர். அது சரிவராது. ஏசி அறையில் வெளிச்சம் போதாது, அந்தக் குளிரும் ஜப்பான் குளிருக்கு ஈடாகாது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ வீடு இருப்பவர்கள் ஜூனிபரை முயன்று பார்க்கலாம். கரிசல் காட்டுக்காரர்கள் அதற்குச் செலவழிப்பது வீண்.

உண்மையில் வானிலையைப் பார்த்து முடிவெடுப்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வறண்ட காற்றே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமாக அமைந்தது. வெயில் ஏறுமுன் மருந்து கலக்கும் வேலையை முடிக்க வேண்டும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். தொழிலுக்குப் பார்க்கிற வானிலையை மரத்துக்கும் பார்த்தால் போதும்.

அப்படிப் பார்த்தால் முதல் மரம் எங்கே கிடைக்கும்? பழைய வீட்டுச் சுவரிலேயே கிடைக்கும். பறவை போட்ட விதையில் ஆலோ அரசோ விரிசலில் முளைத்திருக்கும். சுவர் கெட்டுப்போகும் என்று எப்படியும் பிடுங்கத்தான் போகிறார்கள். ஒரு பிடி மண்கூட இல்லாமல் வெயிலில் நின்ற செடிக்குத் தொட்டி ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு, மழைக்காலத்தில், வேர் அறுபடாமல் எடுத்தால் செலவு பூஜ்யம். ஒரே குறை, அரசின் இலை பெரியது. சின்ன மரத்துக்கு அது பொருந்தாது. சின்ன இலைதான் வேண்டும் என்றால், நர்சரியில் 'ஃபைகஸ்' என்று விற்கிற இச்சி வகை நல்லது. தைவானிலும் இந்தோனேசியாவிலும் போன்சாய்க்காரர்களுக்குப் பிடித்த மரம் அது.

அடுத்தது புளி. விதை அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. பொடி இலை, சொரசொரப்பான பட்டை, வறட்சியைத் தாங்கும் குணம், மூன்றும் உண்டு. பொறுமை மட்டும் வேண்டும். சீக்கிரம் பூ பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் காகிதப்பூ. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால்தான் அது நன்றாகப் பூக்கும்.

மண்ணில் மட்டும் ஊர்ப்பாசம் கூடாது. கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். தொட்டிக்குள் இரண்டுமே வேருக்கு ஆபத்து. செங்கல் துண்டு, பருமணல், மக்கிய சாணம் கலந்தால் தண்ணீர் தேங்காது. முதல் இரண்டு வருடம் பெரிய தொட்டியில் விட்டுத் தண்டைப் பருக்க வைக்க வேண்டும். தட்டுத் தொட்டிக்கு மாற்றிய பிறகு, கோடையில் காலையும் மாலையும் தண்ணீர், மதியத்தில் நிழல்.

நன்றாகக் கற்ற பிறகு வெளிநாட்டு மரத்தை யார் வேண்டுமானாலும் முயற்சி செய்யட்டும். ஆனால் முதல் மரம் சாகக்கூடாது. முதல் மரம் செத்தால் பலர் இரண்டாவது மரம் வைப்பதே இல்லை. பத்து வருடம் கழித்து மாடியில் நிற்கப்போவது, படத்தில் பார்த்த ஜூனிபர் இல்லை. சுவரிலிருந்து எடுத்த ஆலங்கன்றுதான்.