பக்கவாதமும் வீட்டு அப்பியாசமும்

பக்கவாதத்தால் ஒரு புறம் முடங்கிய முதியவரை, ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் உயர்ந்த திண்ணையும் குறுகிய ரேழியும் கொண்ட வீட்டுக்குள் இருவர் தாங்கிப் படியேற்றுவதே எத்தனை பெரிய பிரயத்தனம் என்பதைக் கண்டவர்களுக்கு, 2017-ல் ‘லான்செட்’ சஞ்சிகை வெளியிட்ட இந்திய ஆராய்ச்சியின் முடிவு அவ்வளவு ஆச்சரியம் தராது. நமது தேசத்தின் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்தப் பரிசோதனையில், ஒரு பிரிவில் குடும்பத்தாருக்கே பயிற்சி தந்து அப்பியாசம் செய்விக்கச் சொல்லி, மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளித்தும், ஆறு மாதத்துக்குப் பின் மாண்டவரும் பிறர் தயவில் வாழ்பவருமாக இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேரே இருந்தனர். இதற்காக மனைவிமாரின் சிரத்தையைக் குறைகூறுவது (கூறுவோரும் உண்டு) அநியாயம். அடுப்படி வேலைக்கு நடுவே அவர்கள் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவது, தேர்ந்த இயன்முறை வைத்தியரின் நித்திய மேற்பார்வைக்கு ஈடாகாது. 2021-ல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அத்தகையவரை வீட்டு வாசலுக்கே அனுப்புவது உத்தமமான ஏற்பாடு. ஆனால் நரம்புகள் புதுப்பாதை பழகுவது முதல் சில மாதங்களில்தான் துரிதமாக நிகழ்கிறது. ஆகையால் திருச்சி அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு பக்கவாத நோயாளியின் விவரமும் அன்றைக்கே அவர் பகுதியிலுள்ள அத்திட்ட ஊழியருக்குச் சென்றாக வேண்டும். அடிக்கடி வரப் போதிய ஆட்களையும் சர்க்கார் நியமிக்க வேண்டும்.