26 மில்லிமீட்டருக்கு ஏன் 'முக்கால் அங்குலம்' என்று பெயர்?

மாணவர்களே, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பிளக் அடாப்டர் எடுத்தாச்சா?" நம் வீட்டு மூன்று கால் பிளக் நியூசிலாந்துச் சுவரில் நுழையாது என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தண்ணீர்க் குழாய்க்கும் அடாப்டர் வேண்டியிருக்கும் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. ஓட்டலில் தங்குபவருக்கு அது தேவையும் இல்லை. மோட்டார்ஹோம் என்ற வீட்டுவண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றுபவருக்குத்தான் தேவை.

படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே இருக்கும். தண்ணீரை மட்டும் நாம்தான் நிரப்ப வேண்டும். நான்கு பேர் குளித்துச் சமைத்தால் தொட்டி ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். முகாம் மைதானத்தில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள குழாயில் ஹோஸைப் பொருத்தி நிரப்பிக்கொள்ள வேண்டும். இதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று நானும் நினைத்தேன். ஒரு பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போனேன். அங்கே ஒரு குழாய் எனக்குப் பாடம் நடத்தியது.

முதல் முகாமில் அவசரமாகக் கிளம்பினோம். ஹோஸைச் சுருட்டி எடுத்தவர்கள், குழாய் வாயில் திருகியிருந்த இணைப்பானை அங்கேயே விட்டுவிட்டோம். மறுநாள் மாலை தெகாப்போ ஏரிக் கரையில் கையில் ஹோஸ் இருந்தது, அதைக் குழாயோடு சேர்க்க ஒன்றும் இல்லை. அறிவியல் ஆசிரியை அல்லவா! மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்து, குழாய் வாயின் வெளி விட்டத்தை அளந்தேன். சுமார் 26 மில்லிமீட்டர். அடுத்த ஊர்க் கடையில் 20 மி.மீ., 25 மி.மீ. என்று இரண்டு அளவுகள் தொங்கின. 26-க்கு அருகில் இருப்பது 25. யோசிக்காமல் வாங்கினேன்.

திரும்பி வந்து மாட்டினால், பாட்டி கையில் கிடக்கும் வளையல் போல அது குழாயைச் சுற்றி ஆடியது. படிவம் 1 படிக்கும் மகள் கேட்டாள்: "அம்மா, 26-க்கு 25 சின்னதாத்தானே இருக்கணும்? இது ஏன் பெருசா இருக்கு?"

நல்ல கேள்வி. அன்று எனக்கு விடை தெரியவில்லை.

அந்த 25-ம் 20-ம் அளவுகளே அல்ல, பெயர்கள். பழைய இரும்புக் குழாய்களை அவற்றின் உள்துளையை வைத்துத்தான் அழைத்தார்கள். உள்ளே ஏறத்தாழ முக்கால் அங்குலம் இருந்தால் அது முக்கால் அங்குலக் குழாய். இரும்பின் தடிமன் துளையைச் சுற்றி இருந்ததால் வெளிப்பக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. திருகுமரை வெட்டப்படுவதோ வெளிப்பக்கத்தில். பிறகு வந்த குழாய்களின் சுவர் மெலிந்தது. ஆனாலும் பழைய இணைப்புகளோடு பொருந்த வேண்டும் என்பதற்காக வெளி அளவை யாரும் மாற்றவில்லை. அதனால் இன்று 'முக்கால் அங்குல' மரையின் வெளி விட்டம் 26.4 மி.மீ. முக்கால் அங்குலம் என்பது 19 மி.மீ.தான். 'அரை அங்குலம்' வெளியே 21 மி.மீ. 'ஒரு அங்குலம்' வெளியே 33 மி.மீ. நான் வாங்கிய '25' இந்த ஒரு அங்குலம்தான். வாங்கியிருக்க வேண்டியது '20'.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் கொஞ்சம் நேர்மையானவர்கள். அதே முக்கால் அங்குலத்தை 20/27 என்றும், அரை அங்குலத்தை 15/21 என்றும் எழுதுவார்கள். உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீட்டர் அளவையை உலகுக்குக் கொடுத்த பிரான்சிலும், தோட்டக் குழாயின் மரை பிரிட்டிஷ் அங்குலத்தில்தான் வெட்டப்படுகிறது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் முன்வைத்த 55 பாகைக் கோண மரையின் வாரிசு அது. ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நம் மலேசியா எல்லாம் அந்த ஒரே குடும்பம். ஆகவே இந்த நாடுகளுக்குள் சுற்றும்வரை அரை, முக்கால், ஒன்று என மூன்று இணைப்பான்கள் கையில் இருந்தால் பெரும்பாலான குழாய்களைச் சமாளித்துவிடலாம்.

அமெரிக்கா போனால் கதை வேறு. அங்கும் தோட்டக் குழாய்க்குப் பெயர் முக்கால் அங்குலம்தான். வெளி விட்டம் 27 மி.மீ. நம்முடையதோடு ஒப்பிட்டால் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வேறுபாடு. ஆனால் புரியிடைத் தூரத்தைப் பாருங்கள். அதாவது ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். நம் குழாயில் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள், எனவே ஒவ்வொன்றும் 1.8 மி.மீ. அமெரிக்கத் தோட்டக் குழாயில் 11.5 மரைகள், ஒவ்வொன்றும் 2.2 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.4 மி.மீ. விலகல். இரண்டாவது சுற்றில் 0.8. ஒன்றின் பள்ளம் இருக்க வேண்டிய இடத்துக்கு மற்றதன் முகடு வந்து நிற்கும். முதலில் 'ஏறுகிறதே' என்று தோன்றும், பிறகு இறுகும். இறுகியதை 'நன்றாகப் பிடித்துவிட்டது' என்று நினைத்து இன்னும் முறுக்கினால் பிளாஸ்டிக் மரை மழுங்கிப் போகும்.

சுத்தமாகப் பொருந்தாத ஒன்று யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. என் வளையல் இணைப்பான் என்னை அரை மணி நேரம் அலையவிட்டது, அவ்வளவுதான். பொருந்துவதுபோல நடிக்கும் இணைப்புதான் நம்மை ஏமாற்றும்.

அன்று மாலை எங்களைக் காப்பாற்றியவர் பக்கத்து வண்டியில் இருந்த ஒரு முதியவர். தம் கருவிப் பெட்டியிலிருந்து பித்தளை இணைப்பான் ஒன்றைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதன் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றுதான். தோட்டக் குழாய் மரை தண்ணீரைத் தடுப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். தண்ணீரைத் தடுப்பது, குழாய் வாய்க்கும் இணைப்பானுக்கும் நடுவே நசுங்கும் அந்த வாஷர். வாஷர் தொலைந்துபோன இணைப்பானில் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். (என் அப்பாவும் அதில் ஒருவர்.) அந்த டேப், நுனி நோக்கிக் குறுகி மரையோடு மரை நெருக்கி அடைக்கும் வகைக் குழாய்களுக்கு உரியது. நேரான மரைக்கு வேண்டியது சில காசு விலையுள்ள ஒரு ரப்பர் வளையம்தான்.

மரையே இல்லாத மொட்டைக் குழாய்களும் வழியில் வரும். அவற்றுக்கு ரப்பர் மூடிபோல் அழுத்தி மாட்டும் இணைப்பான் உண்டு. அதை மாட்டிப் பார்த்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அமைதியாக இருந்தது. ஹோஸின் மறுமுனையை மூடிய மறுகணம் 'டப்' என்று கழன்று பறந்து, மகனை நனைத்துவிட்டது. காரணத்தை நீங்களே கணக்கிடலாம். குழாயில் அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 நியூட்டன். குழாய் வாய் 20 மி.மீ. விட்டம் என்றால் பரப்பளவு 3.14 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் 94 நியூட்டன். ஏறக்குறைய 10 கிலோ அரிசிப் பை ஒன்றை அந்த ரப்பர் மூடியில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். தண்ணீர் ஓடும்போது வழியிலேயே அழுத்தத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. மறுமுனையை மூடினால் முழு அழுத்தமும் வந்து முட்டுகிறது. ஆகவே அத்தகைய குழாயில் குழாயைத்தான் முதலில் மூட வேண்டும், ஹோஸை அல்ல.

நான் இதையெல்லாம் எழுதுவது பயணக் குறிப்பு கொடுப்பதற்காக அல்ல. நம் வகுப்பறையில் ஒரு குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். 'ஆங்குப் வெர்னியர்' அளவுமானியில் அளவெடுக்கச் சொல்லித் தருகிறோம். தேர்வில் படம் போட்டு 'அளவு என்ன' என்று கேட்கிறோம். இரண்டு தசம இடம்வரை சரியாக எழுதினால் முழு மதிப்பெண். அந்த அளவை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது, அது எந்தத் தரத்தோடு பொருந்த வேண்டும் என்று நாங்கள் கேட்பதே இல்லை. தெகாப்போவில் நான் அளந்தது சரி. முடிவெடுத்ததுதான் தவறு. தரப்படுத்தலைப் பாடநூலின் ஓரக் குறிப்பாக விட்டுவிடக் கூடாது. வோல்ட்டும் நியூட்டனும்போல அதற்கும் ஒரு பாடம் வேண்டும்.

இது மிகை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்ததைக் கேளுங்கள். 1904 பிப்ரவரி 7-இல் அங்கே தீ மூண்டது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் என்று பல ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் உதவிக்கு விரைந்தன. வந்தவர்களில் பலரின் ஹோஸ்கள் பால்டிமோரின் தெருக்குழாய்களில் பொருந்தவில்லை. குழாயில் தண்ணீர் இருந்தது, வண்டி இருந்தது, ஆள் இருந்தார்கள். மரை வேறு. சுமார் 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு ஆராய்ந்தபோது, அந்நாட்டில் 600-க்கும் அதிகமான வகைத் தீயணைப்பு இணைப்புகள் இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டே பொதுத் தரம் ஒன்று வகுக்கப்பட்டது.

வகுத்ததோடு முடிந்ததா? 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பெருந்தீ. 25 பேர் இறந்தனர். காற்றும் வறட்சியும்தான் முதல் காரணங்கள். ஆனால் அங்கும் ஓக்லாந்தின் தெருக்குழாய் வாய் 3 அங்குலம், உதவிக்கு வந்த அண்டை ஊர்களின் ஹோஸ் இரண்டரை அங்குலம். பால்டிமோர் நடந்து 87 ஆண்டுகள் கழித்து!

"டீச்சர், அடாப்டர் பை ஒன்று வைத்துக்கொண்டால் போதாதா?" என்று உங்களில் ஒருவர் கேட்பீர்கள். விடுமுறைக்குப் போதும். நானும் இப்போது ஒரு பை வைத்திருக்கிறேன். ஆனால் அடாப்டர் என்பது, ஒத்துப்போக மறுத்தவர்களின் கடனை வழிப்போக்கன் கட்டுவதுபோல. அவசரத்தில் அது கையில் இருக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. ஏற்கெனவே பதித்த இலட்சக்கணக்கான குழாய்களை மாற்றச் செலவாகும் என்பது உண்மைதான். அதனால்தான் புதிதாக ஒன்று வரும்போதே தரத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். உங்கள் வீட்டு பிளக்கில் ஒட்டியிருக்கும் சிரிம் முத்திரையை அடுத்த முறை பார்க்கும்போது, அதன் பின்னால் உட்கார்ந்து மில்லிமீட்டருக்கு வாதாடிய சிலர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார்ஹோமில் போகப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மரை பொருந்திவிட்டது என்பதால் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று பொருளில்லை. கழிவறைப் பெட்டியைக் கழுவுவதற்கென்று வைத்த குழாயிலும் அதே முக்கால் அங்குல மரை இருக்கலாம். குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பைப் படியுங்கள். பிரான்சில் 'நோன் பொதாப்ல்' என்றும் ஜெர்மனியில் 'கைன் ட்ரிங்க்வாசர்' என்றும் எழுதியிருக்கும். அந்தக் குழாயில் தொட்ட ஹோஸை உங்கள் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். தொட்டியை நிரப்பும்போது ஹோஸின் முனையைத் தண்ணீருக்குள் மூழ்க விடாதீர்கள். எங்கேனும் பெருங்குழாய் உடைந்து அழுத்தம் இறங்கினால், உங்கள் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊர்க் குழாய்க்குள் போய்விடும். நடுவில் ஒருவழி வால்வு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு சாண் காற்று இடைவெளி போதும்.

அந்த '25' இணைப்பான் இப்போது என் பள்ளி ஆய்வுக்கூட இழுப்பறையில் இருக்கிறது. படிவம் 1 மாணவர்கள் அளவுமானியைப் பிடிக்கப் பழகும் வாரத்தில், அதையும் பழைய குழாய் ஒன்றையும் மேசைமேல் வைப்பேன். அட்டையில் 25 என்று இருக்கிறது, அளந்து சொல்லுங்கள் என்பேன். 30-ஐத் தாண்டி ஏதோ ஓர் எண் வந்ததும், தாங்கள் தவறாக அளந்துவிட்டதாக நினைத்து அத்தனை பேரும் மறுபடியும் அளப்பார்கள்.