ஆள் குறைத்தால் முதலில் போவது யார்?

சர்க்கார் உத்தியோகம் என்றால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்பார்கள். அந்த உத்தியோகமும் போவது உண்டு. அப்போது யாரை முதலில் அனுப்புவது? நேற்று வந்தவரையா? வேலையில் சுணங்குகிறவரையா?

தொழிலாளருக்கு இதற்குச் சட்டம் உண்டு. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் சேர்ந்த இந்த விதி, 2020-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மாற்றிச் செய்தால் முதலாளி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். வேண்டியவரை வைத்துக்கொண்டு வேண்டாதவரை அனுப்பும் வழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம்.

சர்க்கார் ஊழியர் சுணங்கினால், குற்றம் சாட்டி விசாரித்த பிறகே நீக்க முடியும். அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு தரும் காவல் இது. ஆனால் பதவியையே எடுத்துவிட்டால்?

மக்கள் நலப் பணியாளர்கள் கதை அதுதான். தொப்பம்பட்டி போன்ற ஒன்றியங்களின் கிராம ஊராட்சிகளுக்காக, 1989-ல் தமிழகம் முழுவதும் இவர்களை நியமித்தார்கள். ஆட்சி மாறிய 1991, 2001, 2011 ஆகிய மூன்று முறையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இடையில் தி.மு.க. ஆட்சி வந்தபோது திரும்ப எடுத்தார்கள். 2011-ல் மட்டும் வேலை இழந்தவர்கள் சுமார் 13,500 பேர். மூத்தவர், இளையவர், உழைத்தவர், உழைக்காதவர் எல்லோருக்கும் ஒரே உத்தரவு! வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. மாதம் 7,500 ரூபாயில் மறுபடி வேலை தரும் திட்டத்தை 2023-ல் கோர்ட்டு ஏற்றது.

வீட்டுக்கு நியமன உத்தரவு வந்தால் சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. பதவி நிரந்தரமா, திட்டம் உள்ளவரைதானா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும்.