தொட்டுக் காட்டாத வித்தை

“சீட்டுதான் குடுத்தாச்சே, இன்னும் என்னய்யா வேணும் உங்களுக்கு?” என்று கேட்கிறார்கள். மேடையில் ஏறிக் கேட்பவர்களை விடுங்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது அரசு மருத்துவக் கல்லூரிகளின் பொது மருத்துவத் துறையில் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுக் காப்பி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்கிறார்களே, அவர்களை. யூனிட் சீஃப்கள், துறைத் தலைவர்கள், எம்.டி. படிப்பை நடத்துகிறவர்கள். இவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சீட்டு குடுத்தீங்க. பாடம் குடுக்கல.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்காது. பாடத்தை எப்படி ஒருவனுக்கு மட்டும் கொடுக்காமல் இருக்க முடியும், வகுப்பில் எல்லோரும்தானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார்கள். பொது மருத்துவம் வகுப்பில் உட்கார்ந்து கற்கிற படிப்பு இல்லை. மூன்று வருஷம் எம்.டி.யில் புத்தகம் படிப்பது நாலு பேப்பர் எழுதுவதற்கு. வைத்தியம் கட்டிலோரத்தில் இருக்கிறது. பார், தொடு, தட்டு, கேள் என்று நாலே சொல்லில் அடங்கிவிடும் வித்தை. மண்ணீரல் வீங்கியிருந்தால் நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது இடது விலாவுக்குக் கீழே உன் விரல் நுனியில் வந்து இடிக்கும். அந்த இடி எப்படியிருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாத்தியார் உன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, “இப்ப மூச்சை இழுக்கச் சொல்லு, தெரியுதா?” என்று கேட்க வேண்டும். மைட்ரல் வால்வு சுருங்கிய இதயத்தின் உறுமல் அத்தனை மெல்லியது. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் பெல்லை அழுத்தாமல் வைத்தால்தான் காதில் விழும். ஒருமுறை கேட்டவனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. கேட்கவைக்க ஆளில்லாதவன் ஆயிரம் பக்கம் படித்தாலும் செவிடுதான்.

தொட்டுக் காட்டாத வித்தை சுட்டுப் போட்டாலும் வராது என்று ஊரில் சொல்வார்கள். தீண்டாமையைப் பெற்று வளர்த்த நாட்டில், தொட்டுக் காட்டியே சொல்லித்தர வேண்டிய படிப்பு இது. யார் கையைப் பிடிக்கிறார்கள், யார் கையைப் பிடிப்பதில்லை என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் எம்.டி. படித்தது 1990-களின் கடைசியில், தமிழ்நாட்டில் ஓர் அரசுக் கல்லூரியில். பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் ஆகிவிடும். சீஃப் என்னிடம் சாதி கேட்கவில்லை. நாகரிகமான மனுஷர், எப்படிக் கேட்பார்? “எந்த ஊரு?” என்றார். திண்டிவனம் பக்கம் சார். “பக்கம்னா?” ஊர்ப் பேரைச் சொன்னேன். “ஊர்லயா?” இந்த ஒத்தைச் சொல்லுக்குள் எத்தனை நூற்றாண்டு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். காலனி சார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. வன்கொடுமைச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் வராத தலையாட்டல்.

அதற்குப் பிறகு மூன்று வருஷமும் இப்படி நடந்தது. ரத்தம் எடுப்பது, சாம்பிளோடு லேபுக்கு ஓடுவது, ஸ்கேனுக்குத் தேதி வாங்குவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, இதெல்லாம் எல்லா பி.ஜி.யும் செய்கிற வேலை. அதில் எனக்குக் குறையில்லை. (வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று மத்திய அரசு 1992-இல் போட்ட உத்தரவை எந்த வார்டுச் சுவரிலும் நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.) காலையில் ரவுண்ட்ஸ் வரும். பத்தாம் நம்பர் கட்டிலில் நல்ல கேஸ் ஒன்று கிடக்கும். சீஃப் நின்று ஸ்டெத்தை எடுப்பார். எல்லோரும் நெருங்குவார்கள். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும்: “அந்த எக்ஸ்ரே வரலியே, போய்ப் பாத்துட்டு வாய்யா.” நான் போவேன். திரும்பும்போது யூனிட் பன்னிரண்டாம் நம்பர் கட்டிலுக்குப் போயிருக்கும். ஒருநாள் நடந்தால் தற்செயல். வாரத்துக்கு நாலு நாள் நடந்தால் அதற்குப் பெயர் வேறு.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க எனக்குக் கற்றுத்தந்தவர் ஓர் அசிஸ்டென்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு, மூளைக்காய்ச்சலோடு வந்த ஒரு பையனுக்கு. “பயப்படாதய்யா, ஊசி உள்ள போறப்ப ஒரு இடத்துல லேசா விட்டுக்கொடுக்கும், அதுதான் இடம்” என்று என் கைமேல் கை வைத்துக் காட்டினார். அவர் நம்ம தெரு ஆள் இல்லை. ஆனாலும் செய்தார். துறையில் எதையும் முடிவுசெய்கிற இடத்தில் அவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்லவர்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஒருவன் மருத்துவன் ஆவதும் ஆகாததும் நைட் டியூட்டியில் யார் வருகிறார் என்ற அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்கிறேன்.

சீஃபின் கையில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தீசிஸ் கைடு அவர். லாக் புத்தகத்தில் கையெழுத்து அவருடையது. இன்ன பி.ஜி. இன்ன தேதியில் இன்னதைக் கற்றான் என்பதற்கான புத்தகம் அது. எங்கள் யூனிட்டில் மூன்று வருஷத்துக் கையெழுத்தும் தேர்வுக்கு முந்தின வாரம் ஒரே உட்காரலில், ஒரே பேனாவில் விழுந்தது. பிறகு செய்முறைத் தேர்வு. தேர்வாளர்கள் நாலு பேர், ரெண்டு பேர் உள்ளே, ரெண்டு பேர் வெளியே. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எந்தப் பையன் எப்படி என்று முன்கூட்டியே காதில் ஓதுகிறவர் யார்? வகுப்பெடுப்பவரும் அவரே, எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சியும் அவரே, தீர்ப்பும் அவரே. நாட்டாமை என்று கிராமத்தில் இருப்பவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் உன் அனுபவம், ஒரு யூனிட் கதை என்பார்கள். டெல்லி எய்ம்ஸில் நடந்ததை விசாரிக்க மத்திய அரசு 2006-இல் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டது. 2007-இல் அறிக்கை வந்தது. தலித், பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். தேர்வில் நேராகவோ சுற்றிவளைத்தோ சாதி கேட்டதையும் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகம் மறுத்தது. 2022-இல் நாடாளுமன்றத்தின் எஸ்.சி./எஸ்.டி. நலக்குழுவும் அதே எய்ம்ஸைப் பற்றி அறிக்கை தந்தது. ஆசிரியர் பதவிகளுக்குத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்ற பதிலை அது ஏற்கவில்லை. தேர்வில் மாணவர் பெயரை மறைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நல்லது. எழுத்துத் தேர்வில் பேரை மறைக்கலாம். கட்டிலுக்கு அந்தப்பக்கம் தேர்வாளர், இந்தப்பக்கம் நான். முகத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

மும்பையில் 2019 மே 22 அன்று பாயல் தட்வி இறந்தார். பழங்குடிப் பெண், மகப்பேறு மருத்துவத்தில் பி.ஜி. மூன்று சீனியர்கள் மேல் வழக்கு. முன்கூட்டியே துறையில் சொல்லியும் பலனில்லை என்றார் அவருடைய தாய். எல்லோரும் சீனியர்களைப் பற்றிப் பேசினோம். பயிற்சிக்குப் பொறுப்பு என்று சம்பளம் வாங்குகிறவர்களின் பொறுப்பு என்ன என்று எத்தனை பேர் கேட்டோம்?

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்புக்கு உடம்பு வேண்டும். வால்வு சுருங்கிய இதயம், நீர் கோத்த நெஞ்சு, கல்லீரல் கெட்டு ஊதிய வயிறு. இவை எங்கிருந்து வருகின்றன? ருமாட்டிக் காய்ச்சல் நெருக்கியடித்துப் படுக்கிற குடிசைகளின் வியாதி. கூலி வேலைக்குப் போகிற, காலனியிலிருந்து வருகிற சனங்கள்தான் அரசு ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிறார்கள். தேர்வு வந்தால் ‘நல்ல கேஸ்’களைத் தேடிப் பிடித்து வரவழைப்பார்கள். சாப்பாடும் கொஞ்சம் காசும் கொடுத்து, பத்துப் பேர் மாறிமாறித் தட்டிப் பார்க்கக் காலையிலிருந்து படுக்கவைப்பார்கள். எங்க அத்தை முறையுள்ள ஒரு அம்மா அப்படி வந்து படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் எங்கள் உடம்பு. அதைத் திறந்து படிக்கிற இடத்தில் மட்டும் நாங்கள் எக்ஸ்ரே வாங்கப் போக வேண்டும்.

தகுதி, திறமை என்று ஆரம்பிப்பார்கள். 1992 மண்டல் தீர்ப்பில் பெரும்பான்மை நீதிபதிகள் ஒரு பட்டியல் போட்டார்கள், இந்தப் பதவிகளுக்கெல்லாம் இடஒதுக்கீடு உசிதமாக இருக்காது என்று. விமானிகள், பேராசிரியரும் அதற்கு மேலும், மருத்துவத்தில் உயர்சிறப்புப் பதவிகள். 2013-இல் எய்ம்ஸ் ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதையே எடுத்துக் காட்டினார்கள். கற்றுக்கொள்ள வரலாம், கற்றுக்கொடுக்கிற நாற்காலிக்கு வந்தால் விமானம் விழுந்துவிடும்! சரி, தகுதி அவ்வளவு புனிதம் என்றால், 2023-இல் பி.ஜி. இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று நீட் பி.ஜி. கட்ஆஃபை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்ஜியம் பெர்சென்டைலுக்கு இறக்கினார்களே, அன்றைக்கு எந்தப் பேராசிரியர் சங்கம் மருத்துவம் செத்துவிட்டது என்று கறுப்புப் பட்டை கட்டியது? நம்ம பையன் நாலு மார்க் குறைவாக வாங்கினால் நோயாளிக்கு ஆபத்து. கோடி ரூபாய்க் கட்டணத்துக்கு ஆள் வேண்டும் என்றால் பூஜ்ஜியமும் தகுதி.

வைத்தியம் நமக்கு நேற்று வந்ததா என்ன? அயோத்திதாசர் சித்த மருத்துவர். காத்தவராயன் என்ற தன் பெயரை விட்டுத் தனக்குக் கற்பித்தவரின் பெயரைச் சூட்டிக்கொண்டவர். கற்பித்தவர் பெயரை ஆயுசு முழுக்கச் சுமக்கத் தயாராக இருக்கிற சாதிதான் நாங்கள். சுமக்கிற மாதிரி யாராவது கற்பிக்க வேண்டும்.

அமெரிக்காவையும் பார்க்கலாம், ஏனென்றால் இந்த ரெசிடென்ட் முறையே அங்கே 1889-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்தது. வில்லியம் ஆஸ்லர் மாணவர்களைக் கட்டிலோரத்துக்குக் கூட்டிவந்தார் என்று நம் பேராசிரியர்கள் கண்கலங்கப் பேசுவார்கள். அதே மருத்துவமனையில் கறுப்பர்களுக்குத் தனி வார்டு இருந்ததைப் பேசமாட்டார்கள். 1910-இல் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்தபோது ஏழு கறுப்பர் மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. 1923-க்குள் ஹோவர்ட், மெஹாரி என்ற ரெண்டுதான் மிச்சம். படித்து வந்தவர்களுக்கும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் பயிற்சிக்கு இடமில்லை. கதவு எப்போது திறந்தது தெரியுமா? 1966-இல் மெடிகேர் வந்தது. பிரித்துவைக்கிற ஆஸ்பத்திரிக்கு அந்தப் பணம் கிடையாது என்றார்கள். காலங்காலமாக உபதேசத்துக்கு அசையாத நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் சில மாதங்களில் அசைந்தன.

நம் ஊரிலும் அப்படி ஒரு பிடி இருக்கிறது. பி.ஜி. இடம் என்பது கட்டடத்துக்குக் கொடுப்பது இல்லை. இத்தனை பேராசிரியர் இருந்தால் இத்தனை சீட்டு என்று ஆளைக் கணக்கிட்டுக் கொடுப்பது. அப்படியானால் கேட்போம்: தன் பேரில் சீட்டு வாங்குகிற பேராசிரியர் ஒவ்வொரு பி.ஜி.க்கும் கட்டிலோரத்தில் என்ன கற்பித்தார் என்பதை வாராவாரம் எழுதி, அந்த பி.ஜி.யே கையெழுத்துப் போடட்டும். கைடு போடுவது போதாது. அதைக் காட்டாத யூனிட்டுக்கு அடுத்த வருஷம் சீட்டு இல்லை. செய்முறைத் தேர்வில் நாலு பேரும் கலந்து பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மார்க் போட்டு மூடி வைக்கட்டும். தமிழ்நாடு அரசு, பொது மருத்துவத்தில் எத்தனை பேராசிரியர், எத்தனை யூனிட் சீஃப், யார் யார் எந்தப் பிரிவு என்று வெள்ளை அறிக்கை கொடுக்கட்டும்.

நம்ம ஆள் சீஃப் ஆனால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது. பேரை மாற்றி, சொந்த ஊரை மாற்றி, நம்ம பையன் வணக்கம் வைத்தால் எங்கே ஒட்டிக்கொள்வானோ என்று முகத்தைத் திருப்புகிற நம்ம பேராசிரியர்களையும் எனக்குத் தெரியும். அதனால்தான் நல்ல மனசைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்கிறேன்.

இப்போது நான் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மாவட்டப் பயிற்சி என்று பி.ஜி.க்களை மூன்று மாதம் எங்களிடம் அனுப்புகிறார்கள். போன முறை வந்த பெண்ணிடம், நெஞ்சில் நீர் எடுத்திருக்கிறாயாம்மா என்றேன். “பாத்திருக்கேன் சார், செஞ்சதில்ல” என்றாள். ரெண்டாவது வருஷம் முடியப் போகிறது. ரவுண்ட்ஸ்ல எங்க நிப்ப என்று கேட்டேன். “பெரும்பாலும் லேப்ல இருப்பேன் சார்.” எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற பி.ஜி. தோழர்கள் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வார்டு, கட்டில் நம்பர், யார் சொல்லிக்கொடுத்தார், யாருக்கு, அந்த நேரத்தில் உங்களை எங்கே அனுப்பினார்கள். மூன்று மாதம் விடாமல் எழுதினால் போதும். நகல் எடுத்து டீனுக்கு ஒன்று, எஸ்.சி./எஸ்.டி. ஆணையத்துக்கு ஒன்று அனுப்புங்கள். பேர் போடப் பயமாக இருந்தால் பேரைக் கிழித்துவிட்டு இந்த இதழுக்கு அனுப்புங்கள், அச்சில் போடுகிறோம்.