ஒரே கட்டடம், பல மாலைகள்

டர்ஹம் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா அந்த ஊர்ப் பேராலயத்தில்தான் நடக்கிறது. அன்று அங்கியோடு உள்ளே போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் பலர். அங்கே முதுகலை படிக்கும் என் அண்ணன் மகளும், "விழா அன்றைக்குப் பார்த்துக்கறேன் சித்தப்பா" என்றாள். விடுமுறைக்கு ரோம், பாரிஸ், பார்சிலோனா என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறாள். போகட்டும். ஆனால் அதற்கு முன், விடுதிக்குப் பக்கத்தில் இருப்பதை நின்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

1093இல் அடிக்கல் நாட்டி, 1133 வாக்கில் நடுக்கூடத்தின் கூரையை முடித்தார்கள். மரக்கூரையே வழக்கமாக இருந்த காலத்தில் முழுவதையும் கல்லால் மூடினார்கள். அண்ணாந்து பார்த்தால், குடைக்கம்பிகள் மாதிரி கல் விலாக்கள் மூலைக்கு மூலை ஓடுவது தெரியும். அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதிதான். மூலைவிட்டத்தில் போகும் வளைவு அகலம் கூடியது, அதனால் உயர்ந்துவிடும். குறுக்கே போவது தாழ்ந்து நிற்கும். இந்தச் சிக்கலுக்கு டர்ஹம் கொத்தர்கள் கண்ட வழி, குறுக்கு வளைவை உச்சியில் கூராக்கி மேலே தூக்கியது. மட்டம் சரியானது. பக்கக்கூடங்களுக்கு மேலே, கூரைக்குள் மறைந்து, அரைவளைவு முட்டுகள் சுவரைத் தாங்குகின்றன. எவ்வளவு தெளிந்த மூளை!

எல்லாம் முதல் தடவையே கைகூடிவிடவில்லை. பீடப் பக்கத்தில் முதலில் போட்ட கூரை விரிசல்விட, 13ஆம் நூற்றாண்டில் அதை மாற்றிக் கட்டினார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு கூரைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நடுக்கூடத்தின் மேற்குப் பகுதித் தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு ஓடுகிறது. பெண்கள் தாண்டக் கூடாது என்று துறவிகள் போட்ட எல்லை அது. இன்று பெண்கள் பட்டம் வாங்கும் மேடை அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிறது. விழா அவசரத்தில் எத்தனை பேர் கண்ணில் அது படும்? கிழக்குக் கோடியில் இருக்கும் ஒன்பது பீடச் சிற்றாலயத்தின் கருந்தூண்களில் வெளுப்பாகத் தெரிவன, 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் பவளங்கள்.

உள்ளே போகக் கட்டாயக் கட்டணம் இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வகுப்பு முடிந்த மாலைகளில் போங்கள். ஒரு தடவை தூண்களை மட்டும் பாருங்கள்: ஒன்றில் சாய்சதுரம், ஒன்றில் சுருள், ஒன்றில் அம்புமுனைக் கோடு. அடுத்த தடவை கூரையை வரையுங்கள். கோணலாக வந்தால் வரட்டும். எந்த வளைவு எதன்மேல் சாய்கிறது என்பதைக் கை கண்டுபிடித்துவிடும்.

அதன்பிறகு பாரிஸ் போனால், செயின்ட் டெனிஸ் ஆலயத்தில் 1144இல் முடிந்த பீடப்பகுதியைத் தேடிப் பாருங்கள். டர்ஹமில் பார்த்த விலாவும் கூர்வளைவும் அங்கே மெலிந்து, சுவர் குறைந்து, அந்த இடத்துக்குக் கண்ணாடி வந்திருப்பதை யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.