மாப்பிள்ளைக்கு ஒரு இனிப்பு போதாதா?

நம்ம ஊர்க் கல்யாண வரவேற்பு மேடையில் கேக் ஏறிப் பல வருஷமாச்சு. மேல்நாட்டிலோ ஒரு படி மேலே போய், மாப்பிள்ளைக்கென்றே தனியாக ஒரு கேக் வைக்கிறார்கள். இங்கிலாந்தில் தொடங்கி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலைத்துவிட்ட வழக்கம் இது. 2011 ஏப்ரல் 29 அன்று லண்டனில் நடந்த இளவரசர் வில்லியம் கல்யாணத்தில், எட்டு அடுக்குப் பழக் கேக் ஒரு பக்கம் இருக்க, மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட சாக்லெட் பிஸ்கெட் கேக்கும் தனியாக வந்தது.

'அங்கேயும் மாப்பிள்ளைக்குத் தனி கவனிப்புதானா!' என்று சிரிக்கத் தோன்றுகிறதா? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டுச் செய்கிறார்கள். இங்கே அவரை யார் கேட்கிறார்கள்? எத்தனை தட்டு, எத்தனை கிலோ என்பதுதான் பேச்சு. லட்டு, மைசூர்பாகு, அதிரசம், கச்சாயம், ஒப்பிட்டு, முறுக்கு என்று சீர்த்தட்டு வரிசை நீளுகிறது. "அவங்க வீட்ல இருபத்தொரு தட்டு வெச்சாங்களாமே" என்று யாராவது ஒரு வார்த்தை விட்டால் போதும்... பெண்ணைப் பெற்றவருக்கு ராத்தூக்கம் போச்சு!

அதோடு முடிந்ததா? மறுவீடு, சித்தப்பா வீட்டு விருந்து, மாமா வீட்டு விருந்து, தலை ஆடி, தலை தீபாவளி என்று வரிசையாக வரும். போகிற வீட்டிலெல்லாம், "இன்னொன்னு வெச்சுக்கோங்க மாப்ள... எங்கூட்டுச் சாப்பாடு புடிக்கலீங்களா?" என்ற உபசாரம். 'போதும்' என்றால் மாமியாருக்கு மனசு கஷ்டம். பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவோ ஆளே கிடையாது!

அன்புக்குக் குறைவில்லை. ஆனால் உடம்பு அந்த அன்பைக் கணக்குப் பார்க்கிறதே! நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஒரு பெரிய லட்டும் ஐசிங் போட்ட ஒரு துண்டு கேக்கும் சேர்ந்தாலே இந்தக் கணக்கு தீர்ந்துவிடும். 'வெல்லம்தானே, ஒண்ணும் பண்ணாது' என்கிறவர்கள் உண்டு. வெல்லமும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி. அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மாப்பிள்ளை இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

பணக் கணக்கும் இருக்கிறது. 1961-ம் வருஷத்து வரதட்சணைத் தடுப்புச் சட்டம், யாரும் கேட்காமல் வழக்கப்படி சக்திக்கேற்பக் கொடுக்கும் பரிசைத் தடுக்கவில்லை. அதைப் பட்டியலில் எழுதி வைக்கச் சொல்கிறது. 'இத்தனை தட்டு வரணும்' என்று கேட்டு வாங்குவது வேறு விஷயம். அது சீர் அல்ல, வசூல்!

வழக்கத்தையே விட்டுவிடலாமா? வேண்டாம். நம்மிடமே அழகான வழி இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் ஆடி ஒண்ணாம் தேதி தேங்காய் சுடுகிறோமே! தேங்காய்க்குள் பாசிப்பருப்பு, வெல்லம், எள், அவல் போட்டு, குச்சியில் செருகித் தீயில் வாட்டுகிறோம். சாமிக்குப் படைத்துவிட்டு, வீடு முழுக்க ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம். இதற்குக் கடை கடையாக அலைய வேண்டாம், கடன் வாங்க வேண்டாம். எல்லோரும் சேர்ந்து செய்கிறோம் என்பதுதான் இதில் விசேஷம். மாப்பிள்ளை பலகாரமும் இப்படியே இருக்கலாமே? அவருக்குப் பிடித்தது ஒன்று, பெண்ணுக்குப் பிடித்தது ஒன்று. இரண்டே தட்டு, எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு!

பெண் வீட்டார் இதைத் தாங்களாகச் சொல்லமுடியாது; 'கஞ்சம்' என்ற பேர் வந்துவிடும். மாப்பிள்ளைதான் வாயைத் திறக்கணும். "மாமா, எனக்கு ஒரு தட்டு போதுங்க" என்று தாலி கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தம்பிகளா. பையனைப் பெற்ற தாய்மார்களே, அவன் அப்படிச் சொல்லும்போது, 'நீ சும்மா இருடா' என்று மட்டும் அடக்கிவிடாதீர்கள்!