கல்லை எடுத்தா காலண்டர் காலி!

செம்பாக்கம், சேலையூர் பக்கம் ரூம் எடுத்துப் படிக்கிற மக்களே... பல்லாவரம் மலையைச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் ஒரு ஃபாசில்கூட சிக்காது. அந்தப் பாறை சார்னோகைட். பூமிக்கு அடியில் பயங்கரச் சூட்டில் உருவானது. வயசு சுமார் 250 கோடி வருஷம். அப்போ மீன், நத்தை, மரம் எதுவுமே கிடையாது!

ஃபாசில் பார்க்கணுமா? தாம்பரத்தில் ரயில் ஏறி அரியலூரில் இறங்குங்க. அரியலூர், பெரம்பலூர் ஏரியாவில் ஒரு காலத்தில் கடல் அலையடிச்சது.

செத்ததெல்லாம் ஃபாசில் ஆகிடாது பாஸ். அழுகறதுக்குள்ள சேறோ மணலோ மூடணும். அப்புறம் ஆளுக்கொரு ரூட். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கு. சிலிக்கா கலந்த தண்ணீர் ஊறி ஊறி மரமே கல்லாயிடுச்சு. 1940-ல் அதைக் கண்டுபிடிச்சவர் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன். அதே மாவட்டத்துக் காரையில் கிடைக்கிற அம்மோனைட் வேற ரகம். ஓட்டுக்குள் சேறு புகுந்து இறுகிடும். ஓடு கரைஞ்சாலும் உள்ளே அச்சு அப்படியே நிற்கும்.

மரம் பிரமாண்டம்தான். ஆனா பாறைக்கு வயசு சொல்றதில் அம்மோனைட்தான் ஹீரோ. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்ட ஓடு, கணவாய்க்குச் சொந்தக்காரன். ஒவ்வொரு இனமும் பூமியில் இருந்தது கொஞ்ச காலம்; பரவினதோ கடல் கடலா. அதனால காரையிலும் மடகாஸ்கரிலும் ஒரே இனம் கிடைச்சா, ரெண்டு பாறையும் ஏறக்குறைய சமவயசு! இந்த மாதிரி ஆளுக்குத்தான் 'இண்டெக்ஸ் ஃபாசில்'னு பேர். 1860-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்த ஊர் அம்மோனைட்களை இனம் இனமா விவரிச்சு எழுதினார். 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, டைனோசர்கள் அழிஞ்ச சமயத்தில், அம்மோனைட்டும் மொத்தமா குளோஸ்.

இப்போ மேட்டர். டூர் போனா, ஞாபகார்த்தமா ஒண்ணை பாக்கெட்டில் போட்டுக்கக் கை துறுதுறுங்கும். போடாதீங்க! உங்க ஷோகேஸில் அது வெறும் அழகுக் கல். ஆனா அது கிடந்த அடுக்குக்கு வயசு சொல்ல இருந்த சாட்சி போயிடுச்சு. எதுக்கு மேலே, எதுக்குக் கீழே, யார்கூட கிடந்ததுங்கிற தகவலும் அவுட். கல்லைத் திருப்பி வெச்சாலும் அந்த வரிசை திரும்பாது.

தொட்டுப் பாருங்க, போட்டோ எடுங்க, இருந்த இடத்தைக் குறிச்சுக்கங்க. ஆசை அடங்கலைன்னா அரியலூர் பக்கம் வாரணவாசியில் ஃபாசில் மியூசியமே இருக்கு. கல்லை மட்டும் அதோட வீட்டிலேயே விட்டுடுங்க!